அடுப்படியில் ஒளித்து வைத்த ஏடு

இந்தத் தடவை சமையல் குறிப்பும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. ஒரு பெயரைத் தேடின கதையைச் சொல்லப் போகிறேன்.

ஒன்பதாவது படிக்கிற என் மகள் ஒரு நாள் சாயங்காலம் பெரிய சார்ட் பேப்பரை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்களாம். நான்கு தலைமுறைக்குப் பெயர் எழுத வேண்டும். "அம்மா, நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றாள். நான் அடுப்படியில் இருந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் அப்பா, தாத்தா, தாத்தாவுக்கு அப்பா... ஆண்பிள்ளைகள் பெயரெல்லாம் கடகடவென்று வந்தன. பத்திரத்திலும் பட்டாவிலும் இருக்கிற பெயர்கள் அல்லவா? பெண்கள் பக்கம் வந்ததும் நாக்கு தடுமாறிவிட்டது.

என் அம்மாவைப் பெற்ற அம்மாச்சியின் பெயர் என்ன? ஊரில் எல்லாரும் "சோழவந்தான்காரி" என்பார்கள். தாத்தா "ஏய், இந்தா" என்பார். பிள்ளைகளுக்கு ஆத்தா, எங்களுக்கு அம்மாச்சி. எனக்கு ஏழு வயதாகும்போது போய்விட்டாள். அவள் மடியில் படுத்து முறுக்குத் தின்றது ஞாபகம் இருக்கிறது. பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஊருக்கு ஃபோன் போட்டேன். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணனுக்கும் தெரியவில்லை; உள்ளே போய் அம்மாவைக் கேட்டு வந்து, "பேச்சியம்மாவாம்" என்றார். பிறகு அம்மாவே ஃபோனை வாங்கி, "இப்பவாவது கேட்டியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாகச் சுருக்கென்றது.

ஒரு கட்டம் மட்டும் நிரம்பவே இல்லை. என் மாமனாரின் தாயார். மாமனாருக்கு விவரம் தெரிவதற்கு முன்பே, அடுத்த பிரசவத்தில் போய்விட்டாராம். என் கணவர் நாலு பேரிடம் விசாரித்துப் பார்த்தார். சொல்வதற்கு இப்போது யாரும் இல்லை. மகள் அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். இந்த வீட்டு வம்சத்தைப் பெற்றுப் போட்டவளுக்கு மிஞ்சினது ஒரு கேள்விக்குறி!

அந்த வாரம் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த புத்தகத்தில் ராஸசுந்தரி தேவி என்ற வங்காளத்து அம்மாளைப் பற்றிப் படித்தேன். கேள்விக்குறி மனசை உறுத்திக்கொண்டிருந்த நேரம். அதனாலோ என்னவோ, ஒரே மூச்சில் படித்தேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ராஸசுந்தரி பிறந்தது 1810-ஐ ஒட்டி, இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கிற பாப்னா பகுதியில், போதாஜியா என்ற கிராமத்தில். தகப்பனார் முகம் தெரியாது. அவர்கள் வீட்டு வெளிக்கட்டில் பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. சின்னப் பெண்ணான இவரையும் அங்கே உட்கார வைப்பார்கள். படிக்க அல்ல, சும்மா உட்கார்ந்திருக்க. பையன்கள் மண்ணில் எழுதி எழுதி உரக்கச் சொல்வதைப் பார்த்தும் கேட்டும், வாயைத் திறக்காமலே எழுத்துகளை மனசுக்குள் வாங்கிக்கொண்டார். பிறகு வீடு தீப்பிடித்தது; பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று.

12 வயதில் கல்யாணம். ராம்தியா என்ற ஊரில் வசதியான வீடு. மாமியார் நல்லவர், மருமகளை மகள் மாதிரியே வைத்துக்கொண்டார். ஆனால் அந்த மாமியாருக்குக் கண் பார்வை போய்விட்டது. பதினாலு வயசுக்குள் முழுக் குடும்பமும் இந்தப் பெண் தலையில். வெளி வேலைக்கு ஆட்கள் உண்டு. சமையல் மட்டும் இவர் பொறுப்பு. சுமார் 25 பேருக்கு இரண்டு வேளைச் சமையல், அதற்கு மேல் வீட்டுத் தெய்வத்துக்கு நைவேத்தியம், வருகிற விருந்தாளிகள். பதினெட்டாம் வயதில் முதல் குழந்தை, நாற்பத்தொன்றில் கடைசிக் குழந்தை. மொத்தம் 12 பிரசவம். அதில் பல பிள்ளைகளை வாரிக் கொடுக்கவும் செய்தார்.

அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டுக்கு ஓர் உதாரணம் கேளுங்கள். வீட்டில் ஜெயஹரி என்று ஒரு குதிரை இருந்தது. கணவர் ஏறிப் போகிற குதிரை. ஒரு நாள் மூத்த பையனை அதன் மேல் உட்கார வைத்து, அம்மா பார்க்கட்டும் என்று முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். இவர் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். எஜமானருடைய குதிரை ஆயிற்றே, அதன் முன்னால் எப்படி நிற்பது! முற்றத்தில் குதிரை நெல் தின்றுகொண்டு நின்றால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாராம். பல நாள் கழித்துத்தான், குதிரையைப் பார்த்துமா வெட்கப்படுவது என்று அவருக்கே தோன்றியது. படிக்கும்போது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் வேறு மாதிரி இருந்தது.

பெண் படித்தால் தாலி தங்காது என்று நம்பின காலம் அது. கல்கத்தாவில் பெதூன் பெண்கள் பள்ளிக்கூடம் தொடங்கினதே 1849-ல்தான். அதற்குப் பல வருஷம் முந்தியே, எங்கோ ஒரு கிராமத்து அடுப்படியில் இந்த அம்மாளுக்கு ஓர் ஆசை. சாமி புத்தகத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் அதை வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல முடியாது.

ஒரு நாள் சைதன்ய பாகவதத்தைத் தான் படிப்பது மாதிரி கனவு கண்டார். எழுந்ததும் உடம்பெல்லாம் சந்தோஷம். அன்றைக்கே கணவர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து, மகனிடம் பெயரைச் சொல்லி, அடுப்படிப் பக்கமாக வைத்துவிட்டுப் போனார். இவர் காதில் பெயர் விழுந்துவிட்டது. மரச் சட்டத்தில் இருந்த படத்தை அடையாளம் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்து ஏட்டுப் புத்தகம். தாள்கள் தனித்தனியாகக் கழலும். யாரும் இல்லாத நேரத்தில் ஒரே ஓர் ஏட்டை உருவி அடுப்படியில் ஒளித்து வைத்தார். எட்டு வயது மகன் எழுதிப் பழகின பனையோலையில் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கும்.

சமைக்கும்போது இடது கையில் ஏடு, முக்காட்டு மறைவில். ஏட்டில் இருக்கிற எழுத்தை ஓலையில் இருக்கிற எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்; சின்ன வயசில் காதில் விழுந்த சத்தத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பார். உலை கொதிக்கிற நேரத்தில் ஓர் எழுத்து, குழந்தை தூங்குகிற நேரத்தில் ஓர் எழுத்து. ரொம்ப நாள் ஆயிற்று. ஆனால் படிக்கக் கற்றுக்கொண்டார்.

எழுதக் கற்றது அதற்கும் வெகு காலம் பிறகு. வெளியூரில் படித்த ஒரு மகன், என் கடிதத்துக்கு நீ பதில் போடுவதே இல்லை என்று குறைப்பட்டு, காகிதமும் பேனாவும் மையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். உடனே உட்கார நேரம் ஏது? கணவரின் வைத்தியத்துக்காக வேறொரு மகன் இருந்த ஊருக்குப் போய்த் தங்கியபோதுதான் வீட்டு வேலை கொஞ்சம் குறைந்தது. அங்கேதான் எழுதிப் பழகினார். அறுபது வயதை ஒட்டித் தன் கதையை எழுதி, 'ஆமார் ஜீபன்' என்று பெயர் வைத்தார். 'என் வாழ்க்கை' என்று அர்த்தம். வங்க மொழியில் வந்த முதல் முழுத் தன்வரலாறு என்று அதைச் சொல்கிறார்கள். 1897-ல், 88-ஆம் வயதில், இன்னும் விரிவாக்கி இரண்டாம் பகுதியையும் சேர்த்தார்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்கள்? ராஜாவும் இல்லை, யுத்தமும் இல்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த கதை இருக்கிறது. எல்லாருக்கும் பரிமாறி முடித்து உட்காரும்போது ஒரு விருந்தாளி வந்துவிட்டார். தன் சோற்றை எடுத்து அவருக்குப் போட்டார். ராத்திரி மறுபடி உட்கார்ந்தபோது குழந்தை அழுதது, காற்றும் மழையும் வந்து விளக்கு அணைந்தது. இப்படியே ஒன்று மாற்றி ஒன்று. இரண்டு நாள் ஓடிப் போயிற்று. வீடு நிறைய ஆள், குதிர் நிறைய நெல். ஆனால் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டவர் இல்லை. அவரும் சொல்லவில்லை.

பெற்ற தாய் சாகக் கிடந்தபோது போய்ப் பார்க்க முடியாமல் போனதையும் எழுதியிருக்கிறார். பெண்ணாய்ப் பிறந்ததற்காக அவர் மனசு விட்டு நொந்துகொண்டது அந்த ஓர் இடத்தில்தான் ரொம்ப ஆழமாகத் தெரிகிறது. எத்தனையோ வருஷம் கழித்து எழுதியும் அந்தத் துக்கம் ஆறவில்லை.

சகோதரிகளே, அந்தக் காலத்து வங்காளத்தைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் நாமும் படித்திருக்கிறோம். 1829-ல் உடன்கட்டை ஏறுவதைத் தடுத்த சட்டம், ராஜாராம் மோகன் ராய், 1856-ல் விதவை மறுமணச் சட்டம். எல்லாம் பெரிய காரியங்கள்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தச் சட்டங்கள் யாருக்காக வந்தனவோ, அந்தப் பெண்பிள்ளை காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரை என்ன பண்ணினாள், எதற்கு அழுதாள், எதை ஒளித்து வைத்தாள்? அடுப்படியிலிருந்து ஒருத்தி எழுதி வைத்ததால் அல்லவா இன்றைக்கு நமக்குத் தெரிகிறது? எழுதாமல் போன லட்சம் பேர் கேள்விக்குறியாகிவிட்டார்கள்.

எழுதினால்கூட, அதை எடுத்துப் பார்க்க ஒருத்தர் வேண்டும். நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. கீழ்வெண்மணிக் கொடுமையைப் பற்றி எழுதியவரும், மாதர் சங்கத் தலைவியுமான மைதிலி சிவராமனைப் பலருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய பாட்டி சுப்புலட்சுமி 1897-ல் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம், 14 வயதில் தாய். கணவருக்கு அரசாங்க உப்பு இலாகாவில் உத்தியோகம். வெளி உலகத்துக்குப் பெயர் தெரியாத, பேச்சுக் குறைந்த ஒரு பாட்டி. அவர் மறைந்த பிறகு, விட்டுப்போன நாட்குறிப்பையும் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தார் பேத்தி. பாட்டிக்குள் இத்தனை படிப்பும் இத்தனை தாகமும் இருந்ததா என்று திகைத்துப் போனார். துண்டு துண்டாகக் கிடந்ததை ஒட்டுப்போட்டு 2006-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். உமா சக்ரவர்த்தி என்ற சரித்திர ஆசிரியை அதைப் படமாகவும் எடுத்தார்.

பாட்டி உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்டதைத்தான் பேத்தி அப்படித் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தப் பேத்தியையே கடைசிக் காலத்தில் மறதி நோய் பிடித்தது, 2021-ல் காலமானார். பாட்டியின் ஞாபகத்தை மீட்டுக் கொடுத்தவர் தன் ஞாபகத்தை இழந்தார். ஆனால் எழுதி வைத்தது இருக்கிறது, பாருங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்து வந்த நாலு நாள் லீவில் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா பழைய கதை ஆரம்பித்தால், "இதையே எத்தனை தடவைம்மா சொல்லுவே" என்று பேச்சை வெட்டுகிறவள் நான். பலமுறை வெட்டியிருக்கிறேன். அதனால் இப்போது நானே போய், "சொல்லும்மா, எழுதிக்கறேன்" என்றபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "என் கதையில என்னடி இருக்கு? அடுப்பும் அழுக்குத் துணியும்தான். வேற வேலை இல்லையா உனக்கு?" என்று வெங்காயக் கூடையைத் தள்ளினாள். இருவரும் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தோம். மகள் நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாழ்க்கையைச் சொல்லு" என்றால் யாருக்கும் பேச்சு வராது என்பது அப்போது புரிந்தது. "கல்யாணமாகி வந்த முதல் நாள் என்னம்மா சமைச்சே?" என்று கேட்டேன். "முதல் நாள் எங்க சமைக்க விட்டாங்க? மூணாம் நாள் பருப்புக் கொழம்பு வெச்சேன். உப்பு ஜாஸ்தி. உங்க அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லாம இன்னொரு செம்பு தண்ணி ஊத்திச்சு" என்றாள். அதிலிருந்து ஆரம்பித்தது. அப்பத்தா, அடுப்பு விறகு, கண்மாய், முதல் பிரசவம், எங்களுக்கு முன்னே பிறந்து பத்தாம் நாளே போய்விட்ட ஒரு பெண் குழந்தை. இப்படி ஒரு அக்கா எனக்கு இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மகள் விளையாட்டாக, "அம்மாச்சி, உங்க மூக்குத்தி எங்கே?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த கதைதான். நான் எட்டாவது முடித்த வருஷம், அம்மாவின் கல் மூக்குத்தி கிணற்றில் விழுந்துவிட்டது. அப்பா அன்றைக்குப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கவனம் இல்லாதவள் என்று எத்தனையோ வருஷம் சொல்லிக் காட்டினார். நானும் சிரித்துக்கொண்டு, "கிணத்துல மூழ்கிப் போச்சுடி" என்றேன்.

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "மூழ்கித்தான் போச்சு. கிணத்துல இல்லை, அடகுக் கடையில" என்றாள்.

ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் காசு, சீருடை, புத்தகம். எட்டாவது போதும் என்று அப்பா முடிவு பண்ணிவிட்டார். அம்மா மூக்குத்தியை வைத்துப் பணம் வாங்கி, பிறந்த வீட்டுப் பணம் என்று பொய் சொல்லி என்னைச் சேர்த்திருக்கிறாள். பிறகு வட்டி ஏறி, மீட்க முடியாமலே போய்விட்டது. அந்தப் படிப்பை வைத்துத்தான் நான் இன்றைக்கு நூலகத்துக்குப் போகிறேன். இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுகிறேன்.

"ஏம்மா இத்தனை வருஷம் சொல்லலை?"

"நீ எங்கடி கேட்டே?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கண் கலங்கினதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சகோதரிகளே, நீங்களும் ஒரு நோட்டு எடுங்கள். எனக்கு அனுபவத்தில் தெரிந்த சில யோசனைகளைச் சொல்கிறேன்.

நேராக உட்கார வைத்துப் பேட்டி மாதிரி கேட்காதீர்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். கீரை ஆய்கிறபோது, பூக் கட்டுகிறபோது, துணி மடிக்கிறபோது கேளுங்கள். சின்னச் சின்னக் கேள்வியாக இருக்கட்டும். அப்போது அரிசி என்ன விலை? பிரசவம் பார்த்தது யார்? தலைத் தீபாவளிக்கு என்ன நிறச் சேலை? குழந்தைக்கு மாந்தம் வந்தால் என்ன கொடுத்தீர்கள்? மாமியாரை எப்படிக் கூப்பிட்டீர்கள்?

வருஷம் கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்ல வராது. ஊருக்கே தெரிந்த ஒரு சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தியா பிந்தியா என்றால் 1964 பிடிபட்டுவிடும். அண்ணா காலமானது 1969, எம்.ஜி.ஆர். காலமானது 1987, சுனாமி 2004. "எம்.ஜி.ஆர். செத்த அன்னிக்கு நீ வயித்துல" என்று யாராவது சொன்னால் அதுவே தேதிதான்.

அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். "உப்பு ஜாஸ்தி" என்றால் அப்படியே இருக்கட்டும். திருத்தி அழகுபடுத்தினால் ஆள் காணாமல் போய்விடுவார். பழைய புகைப்படங்களின் பின்னால் யார் யார் என்று பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பெண்களின் பெயரை, இன்னாருடைய சம்சாரம் என்று எழுதாமல், அவரவர் பெயராகவே எழுதுங்கள்.

ஒன்று முக்கியம். சில கதவுகளைத் தட்டினால் வலிக்கும். சொல்ல மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். சொன்னதையும், இதை எழுதலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூக்குத்திக் கதையை இங்கே எழுதுவதற்கு முன் நானும் அம்மாவைக் கேட்டேன். "உங்கப்பா இப்ப இல்லை, இனி யாரு சத்தம் போடப் போறா, எழுது" என்றாள்.

மகளின் குடும்ப மரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. பேச்சியம்மாவின் பெயர் அதில் இருக்கிறது. என் அம்மாவின் கட்டத்துக்குக் கீழே, பத்து நாள் மட்டும் இருந்த என் அக்காவுக்கு மகளே ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கிறாள். மாமனாரின் தாயாருடைய கட்டத்தில் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டில் இதுவரை பதினேழு பக்கம் ஆகியிருக்கிறது. மீதிப் பக்கங்களுக்கு அடுத்த மாதம் மறுபடி ஊருக்குப் போகிறேன். நீங்கள் எழுதினது எத்தனை பக்கம் என்று சொல்லுங்கள், காத்திருப்பேன்.